நிர்மலாதேவி கேட்டது

தென்காசி கோர்ட்டு வராந்தாவில் பெஞ்சு நிறைந்திருந்தது. ஆனந்தவள்ளி தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். ஆனி மாதத்துக் காற்று வாசலில் நின்ற வேப்பமரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்க, வெயிலா மழையா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். பெஞ்சின் ஓரத்தில் இருந்தவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு எழுந்து, "இங்கன உக்காருங்கக்கா" என்றான். அவளும் உட்கார்ந்துவிட்டாள். பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து மூடும்போதுதான் டவாலி வாசலுக்கு வந்து பெயர் கூப்பிட்டார். முதலில் அவள் பெயர். அடுத்து, "இசக்கிதுரை... பண்பொழி இசக்கிதுரை..." இடம் கொடுத்தவன் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, "இருக்கேன்யா" என்று உள்ளே ஓடினான்.

இரண்டு வருடமாக அந்தப் பெயருக்கு அவள் ஒரு முகம் வைத்திருந்தாள். தடித்த மீசை, குடித்துச் சிவந்த கண், திமிராகத் திறந்துவிட்ட சட்டைப் பொத்தான். புருஷனைக் காரால் அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு நிற்காமல் போனவனுக்கு வேறு என்ன முகம் இருக்கும்? இவன் முன்மண்டை வழுக்கை விழத் தொடங்கிய ஒல்லியான ஆள். நெற்றியில் திருநீறு. சட்டைப் பையில் குழந்தைகள் வைத்துக்கொள்ளும் சின்ன ரோஸ் சீப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. அவன் உட்கார்ந்திருந்த இடத்தின் சூடு இன்னும் பெஞ்சில் இருந்தது. எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தாள். அவள் பெயரை மறுபடி கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள்.

உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. வாய்தா. அடுத்த தடவை அவளை விசாரிப்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வக்கீலுக்காக வெளியே காத்திருந்தபோது இசக்கிதுரை தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"பாப்பா எத்தனாவது படிக்கு?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். தனக்குப் பெண் குழந்தை என்பது இவனுக்கு எப்படித் தெரியும் என்று மனதில் ஒரு முள் தைத்தது.

"மனசுல வச்சுக்காதீயக்கா. நான் பிரேக் அடிக்கதுக்குள்ள அண்ணாச்சி ஸ்கூட்டர் நேரே வந்து மோதிட்டு. நல்ல ஸ்பீடு பாத்துக்கோங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியல."

"ஸ்கூட்டரா வந்து மோதுச்சு?"

"ஆமாக்கா. தலைவிதி."

அதற்குள் வல்லிநாயகம் வந்துவிட்டார். அவள் புருஷன் நாகராஜனின் அண்ணன். போலீஸில் இருந்து எஸ்.எஸ்.ஐ.யாக ரிட்டயர் ஆனவர். இந்த நஷ்டஈட்டுக் கேஸை ஆரம்பத்திலிருந்து தூக்கிச் சுமப்பவர் அவர்தான். தம்பியைக் கொன்றவன் தம்பி பெண்டாட்டியோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறான். சட்டையைப் பிடிப்பார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். வல்லிநாயகமோ சுவரில் ஒட்டியிருந்த கேஸ் பட்டியலைப் படிப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். இசக்கிதுரையும் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனான். பார்த்துவிடக் கூடாது என்று இரண்டு பேரும் பட்ட பாட்டைத்தான் அவள் பார்த்தாள்.

நாகராஜனின் ஸ்கூட்டர் எதிலும் மோதவில்லை. அன்றைக்கு ஐந்தருவியிலிருந்து இலஞ்சிக்கு வருகிற ரோட்டில், தென்னந்தோப்பு முடிகிற இடத்தில், தார் ரோட்டை விட்டு இறங்கி நடு ஸ்டாண்டு போட்டு அது நின்றது. சாவி வண்டியிலேயே இருந்தது. ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கியது. லாட்ஜுகளில் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின்களுக்கு ஃபில்டர் மாற்றுவது அவன் தொழில். அந்த ஃபில்டர் டப்பாக்கள்கூடக் கால் வைக்கிற இடத்தில் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. எதற்காக நிறுத்தினான் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றுக்கு இருக்க இறங்கியிருக்கலாம். போன் வந்திருக்கலாம். அவன் மட்டும் கொஞ்சம் தள்ளி, வயல் வரப்பில் கிடந்தான். ஸ்டேஷனிலிருந்து வண்டி திரும்பி வந்தபோது ஒரு கீறல் இல்லை. அந்த வண்டியைத்தான் அவள் இப்போது ஓட்டுகிறாள். காலையில் மகள் குழலியைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், பிறகு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரத்தப் பரிசோதனை லேபில் பெயர் பதிகிற வேலைக்குப் போவதும் அதில்தான். கோர்ட்டுக்கு வந்ததும் அதில்தான்.

அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை அவளுக்கு ஒரே யோசனை. ஒருவேளை பயத்தில் உளறியிருப்பான். பழியைச் செத்தவன் மேல் போடுவது எல்லாரும் செய்வதுதானே. ஆனால் பழி போடுகிறவனுக்கும் என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். இவனுக்கு அங்கே ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்ததே தெரியவில்லை. ஒரு மனுஷனை அடித்துப் போட்டவனுக்கு அந்த இடம் மறந்துபோகுமா? அவள் அங்கே இல்லாதவள், அவளுக்கே ஒவ்வொரு தென்னையும் தெரியும்.

இரண்டு நாள் கழித்து வக்கீல் கணேசமூர்த்தியின் ஆபீசுக்குப் போனாள். சுவாமி படங்களுக்கு நடுவே அவர் ஏதோ டைப் அடித்ததைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"அந்த டிரைவரை எப்படி சார் புடிச்சாங்க?"

"நம்பர் பாத்த சாட்சி இருக்கில்லம்மா."

"யாரு சார் அது?"

பேனா நின்றது. கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "டிரைவர் மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல குத்தத்தை ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிட்டான். அதுக்கு மேல என்ன வேணும்? திடீர்னு இதெல்லாம் எதுக்குக் கேக்கீங்க? இன்சூரன்ஸ்காரன் எவனாவது வீட்டுக்கு வந்தானா?"

"இல்ல சார்."

"யாரும் போன் பண்ணலையே?"

"இல்ல சார்."

அவர் நம்பவில்லை. வாசல்வரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று திரும்பாமலே தெரிந்தது. இத்தனை நாளும் இந்த மனிதரைத் தன் வக்கீல் என்றுதான் நினைத்திருந்தாள். இவரைக் கூட்டிவந்தது பெரியத்தான் வல்லிநாயகம். பேப்பர்களில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுப்பதும் பெரியத்தான். அவள் புள்ளி மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை குழலியை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, செங்கோட்டை வழியாகப் பண்பொழிக்குப் போனாள். சாரல் விட்டு விட்டு முகத்தில் அடித்தது. குற்றாலத்துக்கு வருகிற கார்கள் வரிசையாக எதிரே வந்தன. கேரளா நம்பர், மதுரை நம்பர், எங்கெங்கோ நம்பர். ஒவ்வொன்றின் முன்பக்கத்தையும் பார்த்துக்கொண்டே போனாள்.

வீடு பிடிப்பது கஷ்டமாக இல்லை. டிரைவர் இசக்கிதுரை என்றதும் கை காட்டினார்கள். ஓட்டு வீடு. சாரல் காலத்தில் துணி காயாது என்று முன்னறையிலேயே கொடி கட்டி, ஃபேனைப் போட்டு, பிள்ளைத் துணிகளைத் தொங்கவிட்டிருந்தது. ஈரத்துணி வாடை. உள்ளேயிருந்து முப்பது வயதுக்காரி ஒருத்தி துணிகளை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அவுக லோடு ஏத்தப் போயிருக்காக. நீங்க யாரு?"

"இலஞ்சி. நாகராஜன் வீட்டுக்காரி."

அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் வெளுத்தது. "உள்ள வாங்கக்கா" என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. அவள் பெயர் நிர்மலாதேவி. நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டு உட்காரவைத்தாள். மன்னிச்சிருங்க என்றாள். பால் இல்லை என்று கட்டஞ்சாயா போட்டுக்கொண்டு வந்தாள். ஆனந்தவள்ளி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். எதைக் கேட்பதற்காக வந்தாளோ அதை எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. நிர்மலாதேவி முந்திக்கொண்டாள். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, தரையில் கிட்டத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன். தப்பா நெனைக்கக் கூடாது. அன்னைக்குக் கார்ல அவுக தனியாவா இருந்தாக?"

"ஏன்?"

"எங்கிட்ட கேரளாவுல புனலூருக்கு லோடு கொண்டு போறேன்னுதான் சொன்னாக. சாயங்காலம் போன் போட்டேன். இங்கன ஒரே மழை, லாரி நகரமாட்டுக்கு, கடையில சாயா குடிச்சிட்டு இருக்கேன்னாக. பின்னால ரெண்டு பேரு மலையாளத்துல சண்டை போடுதது எனக்கே கேட்டுச்சு. நாலு மாசங் கழிச்சுப் பாத்தா, அன்னைக்கு அந்த நேரத்துல குத்தாலத்துல யாரோடயோ காரை ஓட்டுனேன்னு கோர்ட்டுல ஒத்துக்கிட்டு வாராக. அப்ப போன்ல சொன்னது என்னது? குத்தாலத்துல மலையாளத்தான் இல்லாத லாட்ஜ் உண்டா? சீசன் நேரத்துல ஒரு ஆம்பள வீட்டுல பொய் சொல்லிட்டு அங்கன எதுக்குக்கா போவான்?"

ஃபேன் காற்றில் சின்னச் சட்டை ஒன்று அவர்கள் இருவருக்கும் நடுவில் ஆடியது. ஆனந்தவள்ளி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ அவுககிட்ட கேக்கலியா?"

"கேக்காம இருப்பனா? வாயத் தொறக்க மாட்டாக. கேட்டா எந்திரிச்சு வெளிய போயிருவாக. அடிச்சாக் கூடப் பரவால்ல, அடிக்கவும் மாட்டாக. ரெண்டு வருசமாப் போன் மணி அடிச்சா எனக்கு ஈரக்கொலை நடுங்குது. எவ கூப்பிடுதாளோன்னு. உங்க ஆளுக போலீஸ்ல இருக்காகள்லா? விசாரிச்சுச் சொல்லுங்கக்கா. கார்ல பொம்பள யாரும் இருந்தாளா, அதை மட்டும்."

ஆனந்தவள்ளிக்குப் புரிந்துவிட்டது. இவள் புருஷன் பொய் சொல்லவில்லை. புனலூரில் மழைக்குள் சாயா குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். பெண்டாட்டியிடம் நிஜத்தைச் சொல்லிவிட்டு, கோர்ட்டில் பொய் சொல்லியிருக்கிறான். கோர்ட்டு சொன்னதால் இவள் அதை நம்பிக்கொண்டு இருக்கிறாள். ஒரு வார்த்தை போதும். உன் வீட்டுக்காரர் அந்தக் காரில் இல்லவே இல்லை என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைச் சொன்னால், நாளைக்கு இவள் அதைப் புருஷனிடம் சொல்வாள், அக்கம்பக்கத்தில் சொல்வாள், இன்சூரன்ஸ்காரன் வந்து கேட்டால் அவனிடமும் சொல்வாள். பிறகு கேஸ் எங்கே? குழலி எங்கே?

"தெரியலையேம்மா" என்றாள். "கேட்டுப் பாக்கேன்."

நிர்மலாதேவி அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது தெருமுனையில் பைக் மேல் உட்கார்ந்து ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழைக்கு ஒதுங்கவும் இல்லை, ஹெல்மெட்டைக் கழற்றவும் இல்லை.

வல்லிநாயகம் சீசனில் தினமும் காலையில் குற்றாலம் மெயினருவிக்குப் போய்விடுவார். மறுநாள் லேபுக்குப் போகாமல் நேரே அங்கே போனாள். அருவியில் தண்ணீர் விரிந்து கொட்டியது. உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்ட ஆண்கள் கூட்டத்தில் அவரைக் கண்டுபிடித்து, அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வரும்வரை பாலத்துப் பக்கம் நின்றாள். அவரைப் பார்த்ததும் கேட்டுவிட்டாள்.

"அந்த இசக்கிதுரை நம்ம ஆளா பெரியத்தான்?"

"என்ன?"

"இடிச்சது அவன் இல்லியே."

"கேக்கல வள்ளி, தண்ணிச் சத்தம்."

நிஜமாகவே கேட்கவில்லையா, கேட்க விரும்பவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள். பக்கத்தில் போன ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. வல்லிநாயகம் அவளைப் பழக்கடைகளைத் தாண்டி, ஆள் இல்லாத ஒரு சுவரோரம் கூட்டிப்போனார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று பேசினார்.

"யாரு சொன்னா உனக்கு?"

"அவனே சொன்னான். ஸ்கூட்டர் வந்து மோதிச்சாம்."

"மடப்பய" என்றார். துண்டை முறுக்கிப் பிழிந்தார். "என்ன செய்யச் சொல்லுத வள்ளி? மூணு மாசம் நாயா அலைஞ்சேன். ஒரு கேமராவுலயும் விழல. வண்டி எதுன்னு தெரியலைன்னு எழுதி மூடப் போனாங்க. மூடிட்டா உனக்கும் குழலிக்கும் என்ன கெடைக்கும்? அடையாளம் தெரியாத வண்டிக்குக் கவர்மெண்டு குடுக்கது காரியச் செலவுக்குக் காணாது. எந்தம்பி செத்திருக்கான். எவனோ ஒருத்தன் கொன்னிருக்கான். எவனோ ஒருத்தன் குடுக்கட்டும்."

"இந்த இசக்கிதுரை எப்படி ஒத்துக்கிட்டான்?"

"அவனுக்குக் கடன் கழுத்தை நெரிக்கு. தன் காரைக் காட்டச் சம்மதிச்ச கார்க்காரனும் சும்மா வரல. அதெல்லாம் உனக்கு வேண்டாம்."

"அப்ப நெசமா இடிச்சது யாரு?"

"தெரியாது."

பதில் வந்த வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. யோசித்துச் சொல்லியிருந்தாலும் பிடித்திருக்காது. முப்பது வருடம் மற்றவர்களைக் கேள்வி கேட்டு வாழ்ந்தவருக்குத் தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாதா? அவருடைய மூத்த மகனுக்கு ஐந்தருவி ரோட்டில் ஒரு பெரிய ரிசார்ட்டில் மேனேஜர் வேலை கிடைத்தது எப்போது என்று நினைத்துப் பார்த்தாள். அந்த வருடம் ஆவணி. நாகராஜன் செத்தது ஆடி. பையன் கேட்டரிங் படித்தவன், கிடைக்க வேண்டிய வேலைதான். ஆனால் அந்த ரோட்டில் அன்றைக்குச் சாயங்காலம் வேகமாகப் போன கார், அந்த ரோட்டில் இருக்கிற ஏதோ ஓரிடத்துக்குத்தானே போயிருக்கும்.

"பெரியவனுக்கு வேலை எப்படிப் போகுது பெரியத்தான்?"

வல்லிநாயகம் துண்டைத் தோளில் போடப் போனவர் அப்படியே நின்றார்.

"அதை எதுக்கு இப்பக் கேக்க?"

"சும்மாதான்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா, பயமா, தம்பி பெண்டாட்டி இப்படிக் கேட்டுவிட்டாளே என்ற வருத்தமா? எதை எடுத்தாலும் பொருந்தியது. பிறகு ஒரு கடையில் ரம்புட்டான் பழம் வாங்கி, "குழலிக்குக் குடு" என்று ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. சாயங்காலம் குழலி தோலை உரித்து உரித்துத் தின்றாள். "நீ ஏம்மா திங்கல?" என்று கேட்டாள். பல் கூசுகிறது என்றாள் ஆனந்தவள்ளி.

நிர்மலாதேவியிடமிருந்து போன் வந்தபடி இருந்தது. "கேட்டீயளாக்கா?" என்பாள். இன்னும் இல்லை என்பாள் இவள். பிறகு அந்த நம்பர் வந்தால் எடுக்காமல் விட்டாள். பிறகு போன் வருவதும் நின்றுபோனது.

ஆவணியில் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். கணேசமூர்த்தி கேட்டதற்கெல்லாம் சொல்லிக்கொடுத்தபடி பதில் சொன்னாள். அதன் பிறகு இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் எழுந்தாள். நரை முடியை வாரிக் கொண்டை போட்ட பெண். குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி விசாரிப்பதுபோலக் கேட்டாள். விபத்து நடந்தபோது நீங்கள் அங்கே இல்லை, சரிதானே? சரிதான். வண்டி நம்பரை நீங்கள் பார்க்கவில்லை? பார்க்கவில்லை. இந்த டிரைவரை அதற்கு முன் தெரியாது? தெரியாது.

"பின்ன பண்பொழியில அவர் வீட்டுக்குப் போய் அவர் மனைவிகிட்ட அவ்வளவு நேரம் என்ன பேசிக்கிட்டு இருந்தீங்க?"

மேசை மேல் ஒரு போட்டோவை எடுத்து வைத்தாள். ஓட்டு வீடு, வாசலில் ஸ்கூட்டர். கணேசமூர்த்தியின் கழுத்து நரம்பு புடைத்தது. பின்வரிசையில் வல்லிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் அவள் முதல்முறையாகத் தெளிவாக ஒன்றைப் பார்த்தாள். இவளை யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். கூண்டுக்குக் கீழே இசக்கிதுரை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

உண்மையைக் கண்டுபிடிக்கப் போனதையே இவர்கள் கூட்டுச்சதி என்கிறார்கள். அங்கே கூட்டுச்சதி இருக்கத்தான் செய்கிறது, அவள்தான் அதில் இல்லை. இல்லையா? அவள் அதில் சேர்வதும் சேராததும் இனிமேல் சொல்லப்போவதில் அல்லவா இருக்கிறது. நீதிபதி பேனாவோடு நிமிர்ந்தார்.

"எம் புருசனைக் கொன்னவன் வீடு எப்படி இருக்கும்னு பாக்கப் போனேன்" என்றாள் ஆனந்தவள்ளி. "அவனுக்கு ஒரு பிள்ளையாவது இருக்கா, எம் புள்ளை படுத பாடு அவனுக்குத் தெரியுமான்னு பாக்கப் போனேன். அவன் வீட்டுக்காரி என் காலைப் புடிச்சு அழுதா. சாயா குடுத்தா. நான் குடிக்கல. வந்துட்டேன்."

அந்தப் பெண் வக்கீல் போட்டோவை எடுத்து ஃபைலுக்குள் வைத்தாள். பிறகு, "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்தாள். நீதிபதி குனிந்து எழுதினார். ஆனந்தவள்ளி சேலையைச் சரிசெய்துகொண்டு கூண்டிலிருந்து இறங்கினாள். தனக்குப் பொய் இவ்வளவு நன்றாக வரும் என்று அவள் நினைத்ததில்லை. வராந்தாவில் வல்லிநாயகம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இசக்கிதுரை தூரத்திலிருந்து கும்பிட்டான்.

தீர்ப்பு பங்குனியில் வந்தது. அவள் பக்கம். அப்பீல் போவார்கள், போனாலும் ஒன்றும் ஆகாது என்றார் கணேசமூர்த்தி. வல்லிநாயகம் குழலியைக் கட்டிக்கொண்டு அழுதார். அது அழுகைதானா என்று ஆனந்தவள்ளி அவர் தோளுக்கு மேலாக நின்று பார்த்தாள். அப்படிப் பார்க்கிற தன்னையே அவளுக்குப் பிடிக்காமல் போனது. ஆனாலும் பார்த்தாள். இப்போதெல்லாம் அவளால் அப்படித்தான் பார்க்க முடிந்தது.

அடுத்த ஆனியில் சாரல் தொடங்கின ஒரு காலையில், லேபில் பெயர் பதிந்துகொண்டிருந்தாள். டாக்டர் சீட்டை நீட்டிய கை எலும்பும் தோலுமாக இருந்தது.

"பேரு?"

"நிர்மலாதேவி. பண்பொழி."

நிமிர்ந்து பார்த்தாள். பாதியாகிவிட்டிருந்தாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்து, கழுத்து வளையம் வளையமாகத் தெரிந்தது. அவளும் இவளைப் பார்த்தாள். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"என்ன செய்யுது?"

"சாப்பாடு எறங்கல. தூக்கம் கெடையாது. எல்லா டெஸ்டும் எடுக்கச் சொல்லியிருக்காரு" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, ரத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நார்மல். சுகர் இல்லை, தைராய்டு இல்லை, ஒன்றும் இல்லை. இல்லாத ஒன்றை நினைத்துத்தான் இந்தப் பெண் இப்படித் தேய்கிறாள் என்று அந்த ஊரிலேயே தெரிந்த ஒரே ஆள் தான் மட்டுமே என்று ஆனந்தவள்ளிக்குத் தோன்றியது.

மறுநாள் ரிப்போர்ட்டைக் கொண்டு கொடுக்கிற சாக்கில் பண்பொழிக்குப் போனாள். நிர்மலாதேவி வாசலில் நின்றே கவரை வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"உனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் ஆனந்தவள்ளி. பிறகு, கேட்கவேண்டிய கேள்வியை யாரும் கேட்காமலே, சொன்னாள். "அன்னைக்கு உன் வீட்டுக்காரரு புனலூர்லதான் இருந்தாரு. குத்தாலத்துக்கு வரல. அந்தக் காரையே அவரு ஓட்டல. பொம்பள கிம்பள ஒண்ணும் கெடையாது."

நிர்மலாதேவியின் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"அவுக சொல்லச் சொன்னாகளா?"

"இல்லம்மா. நானாத்தான் வந்தேன்."

"கோர்ட்டுல அவுகதான் இடிச்சாகன்னு சொன்னீயளாமே."

"சொன்னேன்."

"நான் காலைப் புடிச்சு அழுதேன்னும் சொன்னீயளாம். நான் எப்பக்கா உங்க காலைப் புடிச்சேன்?"

ஆனந்தவள்ளி குனிந்து வாசற்படியைப் பார்த்தாள்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியும். தெரியாதுன்னீய. கோர்ட்டுல ஒண்ணு சொன்னீய. இப்ப எல்லாம் கைக்கு வந்த பெறகு இங்க வந்து வேற ஒண்ணு சொல்லுதிய. எதை நான் நம்பட்டும்?" அவள் குரல் ஏறவில்லை. ஆனால் கண் ஆனந்தவள்ளியின் முகத்தை, சேலையை, கையை, ஒவ்வொன்றாகத் தொட்டு நின்றது. "நீங்க ஏன் எங்க வீட்டுக்கு இப்படித் தேடித் தேடி வாரிய? எங்க வீட்டு ஆளுக்கு நீங்க எதுக்குப் பரிஞ்சு பேசுதிய? அவுகளை உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

அந்தக் கேள்வி எங்கே போகிறதென்று புரிய ஆனந்தவள்ளிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. காரில் இருந்த பொம்பளையாக இப்போது தன்னையே சந்தேகப்படுகிறாள். சத்தியமாக என்று தொடங்கினாள். நிர்மலாதேவி கையைக் காட்டி நிறுத்தினாள். உள்ளே போய், கதவுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்துக்கொண்டு வந்து, வாசலைச் சாத்தினாள்.

"இங்கன வேண்டாம். மலைக்கு வாங்க. திருமலை முருகன் முன்னால நின்னு சொல்லுங்க. அவுக அன்னைக்குக் கார் ஓட்டல, நான் கோர்ட்டுல சொன்னது பொய்னு வாய் விட்டுச் சொல்லுங்க. நாலு பேரு கேக்கச் சொல்லுங்க. நான் நம்புதேன்."

இருவரும் நடந்தார்கள். தெருவைத் தாண்டி, வயல்களுக்கு நடுவிலான ரோட்டில் போனார்கள். கார்களில் வந்தவர்கள் மலைமேல் போகிற ரோட்டில் ஏறிப் போனார்கள். அடிவாரத்தில் ஆனந்தவள்ளி செருப்பைக் கழற்றினாள். படிகள் நனைந்து, பாசி பிடித்த இடங்களில் கறுத்திருந்தன. நிர்மலாதேவி குடையை விரிக்கவில்லை. ஒதுங்கி நின்று, "நீங்க முன்னால போங்க" என்றாள்.

நாலு பேர் கேட்கச் சொன்னால் கேஸ் போய்விடும், சொல்லாவிட்டால் பின்னால் வருகிறவள் தேய்ந்தே போய்விடுவாள் என்று நினைத்தபடி ஆனந்தவள்ளி ஏறினாள். பின்னால் நிர்மலாதேவியின் கொலுசு ஒரே சீராக வந்தது, நெருங்காமல், விலகாமல். காற்று சேலையை இழுத்துக் காலில் சுற்றியது. இறங்கி வந்த ஒரு குடும்பம், நெற்றி நிறையத் திருநீறோடு, பேசிச் சிரித்துக்கொண்டு அவர்களுக்கு வழிவிட்டது. பாதியில் மூச்சு வாங்கி, பக்கச் சுவரைப் பிடித்து நின்றாள். கொலுசுச் சத்தமும் நின்றது. திரும்பிப் பார்த்தாள். ஒரு படி கீழே, இளைப்பாற உட்காராமல், அந்த மெலிந்த பெண் மடக்கிய குடையை மார்போடு பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேற்கே கேரளப் பக்கமிருந்து சாரல் ஒரு திரைபோல மலையைத் தொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கோபுரம் முதலில் மறைந்தது. பிறகு மண்டபம். மேலே போகிற படிகள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தன.